சம்பளக் கணக்கு கேட்டால்: புத்தளக் கரையில் அன்றும் இன்றும்

உடப்புக் கரையில் கரைவலை ஏறிய கையோடு கணக்கும் முடிந்துவிடும். மீனைக் கொட்டிய மணலிலேயே ஏலம் நடக்கும். என்ன விலைக்குப் போனது, யார் எடுத்தார் என்பது வலை இழுத்த அத்தனை பேர் காதிலும் விழும். செலவைக் கழித்து, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு உரியதை ஒதுக்கி, மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். தன் பங்கு குறைந்ததாக ஒருவருக்குப் பட்டால் அங்கேயே கேட்பார். பதிலும் அங்கேயே வரும். பதில் சரியோ பிழையோ, அதற்கு ஊர் சாட்சி.

புத்தளம் மாவட்டக் கரையில் உழைப்புக்குக் காசு கைமாறிய மிகப் பழைய முறைகளில் இது ஒன்று. இன்று அதே கரையில் கைரேகை இயந்திரத்தில் விரல் வைத்து வேலைக்குள் நுழைகிறார்கள். மாதச் சம்பளம் வங்கிக்குப் போகிறது, கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வந்த தொகை குறைந்தால் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு மட்டும் பலருக்கு இன்னும் பதில் இல்லை. இந்த மாற்றத்தில் தொழிலாளி பெற்றது நிறைய. இழந்தது ஒன்றே ஒன்று: கேட்டால் பதில் சொல்லும் ஆள். அந்த ஆளை மீண்டும் சம்பள மேசைக்குக் கொண்டுவர முடியும், கொண்டுவரத்தான் வேண்டும்.

கணக்கப்பிள்ளையின் காலம்

பழையதை மெச்சுவதற்கு முன் அதை முழுதாகப் பார்க்க வேண்டும். சோளகக் காற்று எழுந்து மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் உடப்புத் தொழிலாளர் முல்லைத்தீவுப் பக்கமும் திருகோணமலைப் பக்கமும் போய் வாடி போட்டுத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். புறப்படும்போதே வீட்டுக்கு முற்பணம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பருவம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது முற்பணம், சாப்பாடு, இடையில் வாங்கிய கைமாற்று எல்லாம் கழியும். கரையில் பிரித்த பங்கு எல்லாருக்கும் தெரியும். முற்பணக் கணக்கு சம்மாட்டியின் கொப்பியில் மட்டும் இருக்கும். பாடு குறைந்த வருடத்தில் கடனோடு ஊர் திரும்பியவர், அடுத்த வருடமும் அதே சம்மாட்டியிடம்தான் போக வேண்டியிருந்தது.

சிலாபம், மாதம்பை, மாரவில, வென்னப்புவ என்று தெற்கே நீளும் தென்னந்தோப்புகளில் வேறொரு முறை. அங்கே கணக்கப்பிள்ளை இருந்தார். வரவுப் பதிவேடான செக்ரோலில் பெயர் விழுந்தால் கூலி உண்டு. விழாவிட்டால் அன்றைய உழைப்பு போனதுதான். தேங்காய்த் துருவல் ஆலைகளில், அதாவது ஊர்வாயில் 'டீசி மில்'களில், சிரட்டை நீக்குபவருக்கும் தேங்காயின் தோல் சீவும் பெண்ணுக்கும் காய்க் கணக்கில் கூலி. எத்தனை காய் என்பதை எண்ணுபவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர். சீவியவளின் கையில் எந்தத் தாளும் இருக்காது.

கணக்கப்பிள்ளைக்கு எல்லாருடைய முகமும் தெரியும். யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்குக் கடையில் எவ்வளவு பாக்கி என்பதும் தெரியும். நல்லவர் வாய்த்த தோட்டத்தில் அது பெரிய ஆறுதல். சனிக்கிழமை மாலை, கூலி கொடுக்கும் மேசைக்கு முன்னால், "இரண்டு நாள் பேர் விழவில்லை ஐயா" என்று சொன்னால் கொப்பியைப் புரட்டிப் பார்த்துத் திருத்திக் கொடுப்பார். வாய்த்தவர் அப்படி இல்லையென்றால் கேட்ட ஆளின் பெயர் அடுத்த கிழமை செக்ரோலில் வெட்டுப்படும். ஆகவே கேட்பதற்கே ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது. பல தோட்டங்களில் பெண்ணின் கூலியைக் கணவனோ தகப்பனோ வாங்கிப் போனதால், அவள் கேட்க வேண்டிய கேள்வியே எழாமல் போனது.

உப்பளத்திலும் கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களிலும் நாட்கூலி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்தபோது, சொந்த ஊரில் கடையும் காணியும் வைத்திருந்தவர்கள்கூட இந்தத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் கூலிக்கு இறங்கினார்கள். மாலையில் கையில் கொடுத்ததுதான் கணக்கு. பதிவு இல்லை, சீட்டு இல்லை. அகதி முகாமிலிருந்து வந்த மனிதர், நாளை வேலை கிடைக்குமா என்ற பயத்தோடு, இன்றைய கூலியில் குறைந்த இருபது ரூபாவைப் பற்றிக் கேட்பாரா?

சட்டம் கொடுத்த நாக்கு

கேட்கும் உரிமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், தொழில்வாரியாக ஆகக்குறைந்த சம்பளத்தை நிர்ணயிக்க வழி செய்தது. தென்னை வளர்ப்புக்கும் தென்னை சார்ந்த உற்பத்திக்கும் தனித்தனிச் சபைகள் வந்தன. சம்பளத்தை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், எதைக் கழிக்கலாம், என்ன பதிவேடு வைக்க வேண்டும் என்பவை முதலாளியின் மனம்போல் நடக்கும் காரியங்களாக இருந்த நிலை மாறியது. 1954இல் கடை, அலுவலக ஊழியருக்கு ஒரு சட்டம் வந்தது.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தோடு ஊழியர் சேமலாப நிதியம் வந்தது. இன்று ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் முதலாளி கட்ட வேண்டும். நாட்சம்பளக்காரர், துண்டுக்கூலிக்காரர் என்று யாரையும் விலக்க முடியாது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் உருவாகி, முதலாளி தன் கையிலிருந்து இன்னும் 3 வீதம் கட்டலானார். 1983இல் பணிக்கொடைச் சட்டம்: பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். இறுதிச் சம்பளம் 30,000 ரூபாவாக இருந்து 12 வருடம் உழைத்தவருக்கு 1,80,000 ரூபா. கரைவலையில் பங்குக்கு இழுப்பவர் இந்தச் சட்டங்களுக்கு வெளியில்தான் நின்றார். மீனவருக்கான ஓய்வூதியத் திட்டத்துக்குச் சட்டம் வர 1990 ஆனது.

கரையில் பெரிய தொழிற்சாலைகளும் வந்தன. அருவக்காலில் சுண்ணாம்புக்கல் வெட்டி, ரயிலில் பாலாவிக்குக் கொண்டுவந்து சீமெந்து செய்யும் தொழிற்சாலை அரச கூட்டுத்தாபனத்தின் கீழ் எழுந்தது. மாதச் சம்பளம், கையெழுத்துப் போட்டு வாங்கும் சம்பளப் பட்டியல், தொழிற்சங்கம் எல்லாவற்றையும் ஒருசேரக் கண்ட தலைமுறை ஒன்று உருவானது. அங்கே சம்பளத்தில் குழப்பம் என்றால் சங்கச் செயலாளர் போய்க் கேட்பார். 1990களில் அந்தத் தொழிற்சாலை தனியார் கைக்குப் போனது. நுரைச்சோலையில் 2011இல் முதல் அலகு இயங்கத் தொடங்கிய லக்விஜய அனல் மின் நிலையம் இன்று 900 மெகாவாட் கொள்ளளவு கொண்டது. இறால் பண்ணைகள், ஆடைத் தொழிற்சாலைகள், கற்பிட்டியின் ஹோட்டல்கள் என்று மாதச் சம்பளக்காரர் தொகை பெருகியது.

2016இல் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் மாதத்துக்கு 10,000 ரூபா என்று தொடங்கியது. 2024இல் அது 17,500 ஆனது. 2025 ஏப்ரலில் 27,000. 2026 ஜனவரியில் 30,000. தென்னந்தோப்பின் காவலாளிக்கும் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுபவருக்கும் இந்த எண் பொருந்தும். தன் சம்பளம் சட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்று கேட்க ஒரு கூலியாளுக்குத் தெளிவான எண் ஒன்று கையில் கிடைத்தது இதனால்தான்.

2,920 ரூபா எங்கே போனது?

இனி இன்றைய மேசைக்கு வருவோம். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 30,000. ஒரு நாளும் விடுபடாமல் வந்தால் 2,000 ரூபா வரவுப்படி. போன மாதம் 8 வீதச் சேமலாப நிதி 2,400, முத்திரைக் கட்டணம் 25 போக, 29,575 ரூபா கையில் வந்தது. இந்த மாதம் பிள்ளையின் சுகவீனத்துக்காக ஒரு நாள் வரவில்லை. கைபேசியில் வந்த தொகை 26,655.

ஒரு நாளுக்கு ஆயிரம் ரூபா குறையும் என்று அவள் நினைத்திருந்தாள். குறைந்தது 2,920. அவள் பார்வையில் யாரோ ஏமாற்றிவிட்டார்கள். கணினியின் பார்வையில் எந்தப் பிழையும் இல்லை: சம்பளமில்லாத ஒரு நாளுக்கு, அதாவது நோ-பே, 1,000, வரவுப்படி இழப்பு 2,000, சம்பளம் குறைந்ததால் சேமலாப நிதிப் பிடிப்பிலும் 80 ரூபா குறைவு. கணக்கு ரூபா சுத்தம். அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல மட்டும் ஆளில்லை.

அவள் லைன் மேற்பார்வையாளரிடம் கேட்பாள். "அது எச்.ஆர். வேலை" என்பார். எச்.ஆரில் கேட்டால், "சம்பளம் கொழும்பில்தான் போடுகிறார்கள், அடுத்த மாதம் பார்ப்போம்" என்பார்கள். மேன்பவர் நிறுவனம் மூலம் வந்தவர் என்றால் இன்னும் மோசம்: வேலை வாங்குவது ஒருவர், சம்பளம் போடுவது இன்னொருவர், ஒருவர் மற்றவரைக் காட்டுவார். சம்பளச் சீட்டு ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகளில் இருக்கும். பதில் சொல்பவர் சிங்களத்தில் சொல்லக்கூடும். தமிழில் மட்டும் படித்த பெண் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். கேள்வி வயிற்றுக்குள்ளேயே கிடக்கும்.

அந்த 2,920 ரூபா தலைமை அலுவலகத்துக்குச் சிறு தொகை. அவளுக்கு அது நுண்கடன் தவணை, சீட்டுக்காசு, பிள்ளையின் ரியூஷன் காசு. தவணைக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது "அடுத்த மாதம் சரிவரும்" என்று அவளால் சொல்ல முடியாது.

நாடு முழுவதும் இப்படிக் கேள்விகள் ஒன்றாக எழுந்த வேளைகளும் உண்டு. 2020 மே மாதத்தில், கொரோனாவால் வீட்டில் இருக்க நேர்ந்த தொழிலாளருக்கு 14,500 ரூபா அல்லது அடிப்படைச் சம்பளத்தின் 50 வீதம், இதில் எது கூடுதலோ அதைக் கொடுப்பதென்று அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் இணங்கினார்கள். 2025 ஏப்ரலில் ஆகக்குறைந்த சம்பளம் உயர்ந்தபோது, 2005இலும் 2016இலும் சட்டப்படி வந்த 1,000 ரூபா, 2,500 ரூபா படிகள் சம்பளத்தோடு சேர்க்கப்பட்டன. சம்பளச் சீட்டில் வழக்கமாக இருந்த ஒரு வரி காணாமல் போனால் "என் படியைப் பிடித்துவிட்டார்களா?" என்று கேட்பது இயல்பு. மாதம் முடியும் முன்பே அரைப்பக்க அறிவித்தல் ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசலில் ஒட்டினால் அந்தப் பதற்றத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

நல்ல பதில் எப்படி இருக்கும்

நல்ல சம்பள மேசைக்குப் பெரிய செலவு தேவையில்லை. அதே பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"மிஸ், ஒரு நாள்தானே வரல்ல. மூவாயிரம் அளவில் குறைஞ்சிருக்கே?"

"இருங்க அக்கா, உங்க சீட்டை எடுத்துப் பார்ப்போம். இது போன மாசம், இது இந்த மாசம். ரெண்டையும் பக்கத்தில வச்சிப் பாருங்க. நோ-பே ஆயிரம். வரவுப்படி ரெண்டாயிரம் இல்லாமப் போயிருக்கு. அதுதான் கூடக் குறைஞ்சிருக்கு. நீங்க லீவுக்கு எழுதிக் கொடுத்தீங்களா?"

"கொடுத்தேனே. லைனில சேர்ட்ட கொடுத்தேன்."

"அப்ப அது எங்களுக்கு வந்து சேரல்ல. நான் இன்டைக்கே கேட்கிறேன். லீவு அனுமதிச்சிருந்தா நோ-பே காசு திரும்ப வரும். வரவுப்படி பற்றி மனேஜர்ட்ட கேட்டுச் சொல்றேன். புதன்கிழமை பகல் சாப்பாட்டு நேரம் வாங்க. நான் இல்லாட்டியும் இந்தக் கொப்பியில எழுதி வச்சிருப்பேன்."

இந்த உரையாடலில் நடந்தவற்றைக் கவனிக்க வேண்டும். அவளை உட்கார வைத்தார்கள். குரலை உயர்த்தவில்லை. இரண்டு மாதச் சீட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். தெரிந்ததைச் சொன்னார்கள், தெரியாததைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார்கள். கேள்வியை எழுதி வைத்தார்கள். முக்கியமாக, பிழை தொழிற்சாலைப் பக்கம் இருக்கலாம் என்ற எண்ணத்தோடு தேடினார்கள். பிழை உறுதியானால் அந்தக் காசை அடுத்த சம்பளம் வரை வைத்திருக்காமல் வவுச்சர் எழுதி உடனே கொடுப்பதுதான் முறை.

ஓவர்டைம் கேள்விகளும் இப்படித்தான். கூடுதல் நேரத்துக்கு மணிச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. ஆனால் அந்த மணிச் சம்பளத்துக்கு எதை எதனால் வகுத்தார்கள் என்று காட்டினால்தான் தொழிலாளி தானே போட்டுப் பார்க்க முடியும். ஓவர்டைம் காசுக்குச் சேமலாப நிதி பிடிப்பதில்லை என்பதை ஒருமுறை விளங்கச் சொன்னால், "நிறைய உழைத்த மாதத்தில் ஈ.பி.எப். ஏன் கூடவில்லை?" என்ற சந்தேகம் தீர்ந்துவிடும். நுரைச்சோலை போன்ற இடங்களில் மாதம் 1,50,000 ரூபாவுக்கு மேல் வாங்கும் தொழில்நுட்பவியலாளர், சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியைப் பற்றிக் கேட்பார். அவருக்குத் தரும் மரியாதையும் பொறுமையும் தேங்காய் சீவும் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும்.

வேலையை விட்டுப் போகும்போது

சம்பள மேசையின் நேர்மை முழுதாகச் சோதிக்கப்படுவது ஒருவர் வேலையை விட்டு நிற்கும்போது. சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். முன்பெல்லாம் அதற்காகப் புத்தளத்திலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் பஸ்ஸிலோ ரயிலிலோ கொழும்பு போய், நாரஹேன்பிட்டித் தொழில் செயலகத்தில் கால் கடுக்க நின்றவர்கள் எத்தனையோ பேர். இப்போது மாவட்டத்திலேயே பல காரியங்களை முடிக்கலாம், கணக்கு மிகுதியைக் கைபேசியிலும் பார்க்கலாம். இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் பணம் எடுக்கும்போது தடங்கல் வருவதற்கான காரணம் பல வருடங்களுக்கு முன் தொழிற்சாலை மேசையில் விதைக்கப்பட்டிருக்கும். முகம்மது என்ற ஒரு பெயருக்கே ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. அடையாள அட்டையில் ஒன்று, சேமலாப நிதிப் பதிவுக்கான பி அட்டையில் இன்னொன்று என்றால் விண்ணப்பம் திரும்பி வரும். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அடையாள அட்டை எண்ணுக்குப் பதிலாக 2016 முதல் 12 இலக்க எண் வந்தது. பழைய கணக்கு பழைய எண்ணில் கிடக்கும். ஐந்து இடத்தில் வேலை செய்தவருக்கு ஐந்து அங்கத்துவ எண்கள் இருக்கும். பணம் எடுக்கும் வயதில் இவற்றையெல்லாம் தேடி ஓடுவது யார்? ஆளைச் சேர்க்கும் நாளிலேயே அடையாள அட்டையைப் பார்த்து எழுத்து எழுத்தாக நிரப்பி, பி அட்டையைத் தொழிலாளியிடமே வாசித்துக் காட்டினால், இருபது வருடம் கழித்து ஒரு முதியவரின் அலைச்சல் மிச்சமாகும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. சம்பளச் சீட்டில் 8 வீதம் கழிந்திருக்கும். ஆனால் சேமலாப நிதியை வைத்திருக்கும் மத்திய வங்கிக்கு அது போயிருக்காது. அடுத்த மாத இறுதிக்குள் கட்டாத முதலாளியிடம் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் அறவிடச் சட்டம் இடம் தருகிறது. அது நடக்க, காசு போய்ச் சேரவில்லை என்பது தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். சம்பளச் சீட்டையும் சேமலாப நிதிக் கூற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் தொழிலாளரிடம் வளர வேண்டும். சீட்டை வாங்கிக் கசக்கி எறியாமல் ஒரு கொப்பிக்குள் வருட வரிசையில் வைத்திருப்பது, நகைப் பெட்டியைப் பாதுகாப்பதற்குச் சமம்.

இந்தக் கரைக்கு வேண்டியது

கணக்கப்பிள்ளையிடம் முகம் தெரிந்த உறவு இருந்தது, சட்டம் இல்லை. இன்று சட்டமும் கணினியும் இருக்கின்றன, முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் ஆள் அருகிவிட்டார். இரண்டையும் ஒரே மேசையில் சேர்ப்பது எட்டாத காரியம் அல்ல. சம்பளச் சீட்டு தமிழிலும் சிங்களத்திலும் வரட்டும். சம்பளம் போட்ட மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில், இரண்டு மொழியும் கதைக்கத் தெரிந்த ஒருவர் சாப்பாட்டு மண்டப வாசலில் மேசை போட்டு உட்காரட்டும். கேட்ட கேள்வி, கேட்ட நாள், தீர்த்த நாள் மூன்றும் எழுதப்படட்டும். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டால் குறை அவர்களிடம் இல்லை, சம்பளச் சீட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சீட்டைத் திருத்தட்டும். கேட்ட காரணத்துக்காக யாருடைய ஷிப்டும் மாறாது, யாருடைய ஓவர்டைமும் வெட்டுப்படாது என்பதை முகாமையாளர் எல்லாருக்கும் முன்னால் சொல்லட்டும், சொன்னபடி நடக்கட்டும்.

சம்பளம் முதலாளி தரும் நன்கொடை இல்லை. செய்து முடித்த வேலைக்கு வரவேண்டிய கடன் அது. கடன் கொடுத்தவர் கணக்குக் கேட்டால் விளக்கிச் சொல்வது கடன்பட்டவரின் கடமை. புத்தளக் கரையில் உப்பு அள்ளுபவரும், தேங்காய் சீவுபவரும், தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவரும் ஒவ்வொரு மாதமும் தங்கள் உழைப்பைக் கடனாகக் கொடுத்துவிட்டுத்தான் சம்பள நாள் வரை காத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குச் சொல்லத் தயங்காத மேசைகள் இந்தக் கரை முழுவதும் பெருக வேண்டும்.